செப்டெம்பர், ஒக்டோபரில் சிங்கி றால் இல்லை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஓகஸ்ட் கழிந்ததும் எங்கள் வெள்ளவத்தைக் கடைக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: "சிங்கி றால் இருக்கா?" லண்டனிலும் கனடாவிலும் இருந்து வந்த சொந்தங்கள் திரும்புமுன் ஒருதரமாவது சமைத்துக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் அவசரம் விளங்குகிறது. ஆனாலும் செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதமும் எங்களிடம் அது கிடைக்காது. பெப்ரவரியிலும் அப்படித்தான். இந்த மூன்று மாதங்களிலும் அதைப் பிடிக்க இலங்கையில் சட்டப்படி தடை.

காரணம் இனப்பெருக்கம். பெண் றால் லட்சக்கணக்கான முட்டைகளை வாலுக்கு அடியில் உள்ள சிறு கால்களில் ஒட்டிச் சுமக்கும். முதலில் செம்மஞ்சளாக இருப்பவை பொரிக்கும் நாள் நெருங்க மண்ணிறமாகும். பொரித்து வரும் குஞ்சைப் பார்த்தால் றால் என்றே சொல்லமாட்டீர்கள். இலை மாதிரித் தட்டை, உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும். ஆழ்கடலில் நீரோட்டத்தோடு பல மாதம் அலைந்த பிறகுதான் கரையோரப் பாறைகளுக்கு வரும். வழியில் மீன்கள் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம். தங்காலையிலும் கிரிந்தையிலும் வலையில் படுவது அந்தக் கொஞ்சத்தில் வளர்ந்ததுதான்.

முட்டையோடு உள்ளதை எந்த மாதத்திலும் பிடிக்கவோ விற்கவோ கூடாது. இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு: முட்டையைச் சுரண்டிவிட்டுப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதனால் பேலியகொடைச் சந்தையில் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தே எடுக்கிறோம். வாலடிக் கால்களின் மெல்லிய மயிர் பிய்ந்திருந்தால் வேண்டாம் என்றுவிடுவோம். வேறு கடையில் வாங்கினாலும் நீங்களும் புரட்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

"தடைக்கு முதல் பிடித்து ஐஸில் வைத்ததைத் தரலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். உறைந்த றாலைப் பார்த்து அது எந்த மாதம் பிடிபட்டது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே அதுவும் இல்லை.

புரட்டாதிச் சனியும் நவராத்திரியும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. உங்களில் பலர் மரக்கறியோடு இருப்பீர்கள். கல்லாப்பெட்டிக்கு எப்படியும் மெலிவான காலம்.

விருந்து என்றால் கணவாய், பாரை, விளைமீன் இருக்கும். வீட்டுச் சமையலுக்குச் சாளை வாங்குங்கள்: சீக்கிரம் வளர்ந்து பெருகும் மீன், விலையும் கையைக் கடிக்காது. சொன்னால் சுத்தம் செய்து தருவோம்.

நவம்பருக்கான சிங்கி றால் முன்பதிவை ஒக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்குவோம். முற்பணம் வேண்டாம். கடல் குழம்பினால் ஒன்றிரண்டு நாள் பிந்தலாம்.

இப்படிக்கு,
கடையார்