'எல்' விடாதே, அன்னாள்

அன்பு மகள் அன்னாளுக்கு, அப்பா எழுதுவது.

ஆபீசில் உன்னை ஹன்னா என்று கூப்பிடுகிறார்களாம், தம்பி சொன்னான். மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால் எல்லாம் அவன் வழியாகத்தான் தெரிகிறது. ஹன்னாவும் உன் பேர்தான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் சம்பளம், வீட்டு ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, கடைசி 'எல்' விடாமல் எழுது.

எபிரெயத்தில் உன் பேர் மூன்றே எழுத்து: ஹேத், நூன், ஹே. கிருபை என்று பொருள். முதல் எழுத்து தொண்டையில் உரசி வருகிற ஹ. கிரேக்கத்தில் அதற்கு எழுத்தில்லாததால் அங்கே அன்னா ஆயிற்று, லத்தீனும் அதையே எடுத்துக்கொண்டது. நம் பழைய வேதாகமத்தில் சாராள், ரெபெக்காளோடு சேர்ந்து உனக்கும் ஒரு 'ள்' கிடைத்தது. 1995இல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இல்லை. கத்தோலிக்கருடைய அன்னம்மாளும் இதே பேர்தான், ஜூலை 26 திருநாள். மரியாளின் தாய் என்பார்கள். வேதாகமத்தில் அந்தத் தாயின் பேர் கிடையாது, 2ஆம் நூற்றாண்டுத் தனி நூல் ஒன்றில்தான் வருகிறது. யோவானும் இதே வேர். நீயும் தம்பியும் பேரிலும் கூடப்பிறந்தவர்கள்.

நீ இருக்கிற ஹனோவரிலேயே 1906இல் பிறந்தவர் ஹன்னா ஆரெண்ட். ஹிட்லர் வந்த 1933இல் தப்பிப்போய், சர்வாதிகாரம் எங்கிருந்து முளைக்கிறது என்று 1951இல் புத்தகம் எழுதியவர். பிள்ளைகள் இல்லை. ஹன்னா செனெஷ் புடாபெஸ்டில் பிறந்து கவிதை எழுதினவள். 1944இல் பாராசூட்டில் குதித்து, ஹங்கேரிக்குள் பிடிபட்டு, 23 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டாள். லூக்கா சுவிசேஷத்தில் வருகிற அன்னாள் புருஷனோடு வாழ்ந்தது ஏழே வருஷம், ஆலயத்தில் இருக்கும்போது வயது 84. பிள்ளை உண்டா இல்லையா என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. குறையாகவும் எழுதவில்லை.

இந்த மூன்று பேரை மட்டும் ஏன் பொறுக்கினேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். புரியட்டும்.

உன் பேருக்கு மூலமான பழைய ஏற்பாட்டு அன்னாள், சாமுவேலின் தாய், பிள்ளையில்லாத நாளில் சீலோ ஆலயத்தில் ஜெபம் பண்ணினபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி வாசல் நிலையருகே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். குடிக்கவில்லை, மனக்கிலேசத்தில் இருக்கிறேன் என்று அவள் பதில் சொன்னாள். யூதர்களின் சட்டநூலான தல்மூத் ஜெபத்துக்கான முறையையே இவளிடமிருந்துதான் எடுக்கிறது: உதடு அசைய வேண்டும், குரல் உயரக்கூடாது. அவர்களுடைய வருஷப்பிறப்பின் முதல் நாள் ஜெப ஆலயத்தில் வாசிப்பதும் இந்தப் பகுதியைத்தான். ஆசாரியனுக்குக் குடிவெறியாகத் தெரிந்தது, பின்னால் வந்தவர்களுக்குச் சட்டமாயிற்று.

ஓய்வுநாள் பள்ளியில் இதை எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் ஏலியைக் குறை சொல்லித்தான். போன கிறிஸ்மஸுக்குப் பெரியம்மா உன்னைக் கேட்டபோது, அத்தனை பேர் முன்னால், "இவளுக்கு இப்ப வேலைதான் முக்கியம், பிள்ளை வேண்டாமாம்" என்று பதில் சொன்னது நான். நீ அப்படிச் சொன்னதே இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எத்தனை ஆஸ்பத்திரி ஏறியிறங்கினீர்கள் என்று பிறகுதான் அம்மா சொன்னாள். ஏலிக்குத் தன் தப்பு தெரிந்ததும், அங்கேயே, அந்த நேரமே, சமாதானத்தோடே போ என்றான். எனக்கு அடுத்த கிறிஸ்மஸே வரப்போகிறது.

மன்னித்துக்கொள் அம்மா. உனக்குப் பேர் வைத்தவன் நான். அது சீலோவின் அன்னாள் பிள்ளை பெற்றாள் என்பதற்காக வைத்ததல்ல. அவள் ஏலிக்குப் பதில் சொன்ன விதத்துக்காக.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அம்மா பார்சலில் முருங்கைக்கீரைப் பொடி வைத்திருக்கிறாள். சோற்றில் போட்டுச் சாப்பிடத்தான், மருந்தில்லை, நான் கேட்டுவிட்டேன். போன் எடுக்க முடியாவிட்டால் எழுது. இன்ஷூரன்ஸ் பேப்பரில் 'எல்' இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்.

அப்பா