ரெக்டிஃபையரை மட்டும் தனியாக எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூடிக்கிடக்கும் தியேட்டர்களிலிருந்து 35 எம்எம் புரொஜக்டர்களை வாங்கிவந்து, துடைத்து எண்ணெய் போட்டு, மறுபடியும் பிலிமிலேயே படம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சில கல்லூரிப் பிள்ளைகளும் திரைப்படச் சங்கத்தாரும் கிளம்பியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஆபரேட்டர் ரூமில் நின்றவன் நான், எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் ஒரே தப்பைத்தான் பார்க்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் புரொஜக்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள், பல்பு எரிகிற பெட்டியான லேம்ப் ஹவுஸின் கதவைத் திறந்து, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சரி. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி அந்த லேம்ப் ஹவுஸுக்குக் கொடுக்கிற ரெக்டிஃபையர் எங்கே என்று கேட்டால் அது எப்போதோ போயிருக்கும். உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரில் அவ்வளவு செம்பு, தியேட்டரை மூடியதும் பழைய இரும்புக்காரர் முதலில் தூக்குவது அதைத்தான். அப்புறம் எங்கேயோ கிடந்த ஒரு ரெக்டிஃபையரை, அதுவும் கார்பன் குச்சிகளை எரித்து வெளிச்சம் எடுத்த கார்பன் ஆர்க் காலத்து ரெக்டிஃபையரை, கொண்டுவந்து ஜெனான் வாயு பல்புக்கு மாட்டிவிடுகிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. கார்பன் முனை பழுக்கக் காய்ந்து கனன்று கிடக்கும், கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் சட்டென்று மாறாது, மாறினாலும் நாம் குச்சியைத் தள்ளிச் சரிசெய்துகொள்வோம். ஜெனான் அப்படி இல்லை. குவார்ட்ஸ் குப்பிக்குள் டங்ஸ்டன் முனைகள் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு எரிகிறது. கரண்ட் துடித்தால் வெளிச்சமும் கூடவே துடிக்கும். 2000 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 25 வோல்ட், 80 ஆம்பியர். எரியும்போது 25 வோல்ட் போதும் என்றாலும் பற்றுகிற அந்த நொடியில் ரெக்டிஃபையர் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் கரண்ட் குபீரென்று பாய்ந்து பல்பு முனையை உருக்கிவிடாமல் அடக்கவும் வேண்டும். இதெல்லாம் ஜெனானுக்கென்றே செய்த ரெக்டிஃபையரால் மட்டும்தான் முடியும்.

ஒரு கல்லூரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். படம் ஓடுகிறது, ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் வருகிற காட்சியெல்லாம் திரை மூச்சு விடுவது மாதிரி மங்கி மங்கித் தெளிகிறது. பிள்ளைகள், சுழன்று வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும் ஷட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கையில் வாட்சை வைத்து எண்ணினேன், நொடிக்கு நாலு. கோளாறு ரெக்டிஃபையரில்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. காரணம் இதுதான்: நொடிக்கு 24 பிரேம், இரட்டை இறக்கை ஷட்டர், ஆக நொடிக்கு 48 வெட்டு, அந்த வெட்டின் துடிப்பு அதன் இரட்டிப்பான 96-லும் இருக்கும். நம் மின்சாரம் 50 சைக்கிள், சிங்கிள் ஃபேஸ் ரெக்டிஃபையரில் துடிப்பை அடக்கும் கம்பிச்சுருளான சோக் சரியாக இல்லாவிட்டால் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 100-க்கும் 96-க்கும் உள்ள அந்த நாலுதான் திரையில் தெரிகிறது. மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையரில் இந்தத் துடிப்பு 300 ஆகிவிடும், அளவிலும் சிறிது, கண்ணுக்குப் படாது. அதிலும் ஒரு ஃபேஸ் போய்விட்டால் இதே நாலு வந்துவிடும். நொடிக்கு இரண்டு என்று எண்ணினீர்களானால் ஒரு டயோடு போயிருக்கிறதா என்று பாருங்கள், அப்போது 50-க்கும் 48-க்கும் சண்டை. அந்தக் கல்லூரிப் பல்பைக் கழற்றிப் பார்த்தால், புதிதாக வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, குப்பியின் உள்பக்கம் புகை படிந்த சிமினி போலக் கறுத்துக் கிடந்தது. ஒழுங்கான கரண்ட் கொடுத்தால் 2000 மணி நேரம் உழைக்க வேண்டிய பல்பு.

இன்னொன்று, பெரிய தியேட்டர் சாமான்தான் நல்லது என்று நினைத்து 3000 வாட் செட்டை வாங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிலிம் போடாமல் ஷட்டர் மட்டும் ஓடும்போது திரையின் நடுவில் 16 ஃபுட் லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது சர்வதேச அளவு, சாதா வெள்ளைத் திரையில் அதற்குச் சதுர அடிக்கு 16 லூமென் வெளிச்சம் விழ வேண்டும். 30 அடி அகல சினிமாஸ்கோப் திரை சுமார் 375 சதுர அடி, ஆக 6000 லூமென், 2000 வாட் பல்பு தாராளம். கல்லூரி அரங்கின் 20 அடித் திரைக்கு அதில் பாதிகூட வேண்டாம், 1000 வாட் போதும். அந்த 1000 வாட் பல்புக்கு 50 ஆம்பியர்தான் வேண்டும். பெரிய ரெக்டிஃபையர் பலவற்றை அவ்வளவு தூரம் இறக்கவே முடியாது. இறக்க முடியவில்லை என்று அப்படியே ஓட்டினால் பல்பும் போகும், பிலிம் வெளிச்சத்தைக் கடந்துபோகும் வாசலான கேட்டில் பிலிமும் சூட்டில் நெளியும்.

படுக்கை பல்பா நிமிர்ந்த பல்பா என்று கேட்டால், படுக்கை பல்பும் ஆழமான கண்ணாடியும் உள்ள லேம்ப் ஹவுஸ்தான் வெளிச்சத்தைச் சிந்தாமல் சேர்க்கும், அதையே எடுங்கள். அதில் ஜுவாலை மேலே வளையாமல் பிடித்து இழுக்க ஒரு காந்தம் இருக்கும், அதைத் தேவையில்லாத இரும்பு என்று கழற்றிவிடாதீர்கள். ஆர்க் லேம்ப் ஹவுஸில் ஜெனானைச் சொருகி மாற்றியவை வேண்டாம்.

எடை குறைவு என்று எஸ்எம்பிஎஸ் என்கிற எலக்ட்ரானிக் ரெக்டிஃபையர் பக்கம் போகிறார்கள், பெரிய நகரத்தில் சரி. நம் ஊர்ப் பக்கத்து வோல்டேஜுக்கும் தூசிக்கும் நான் டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையரைத்தான் சொல்வேன். நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும், ஆனால் டயோடு போனால் உள்ளூர் மோட்டார் மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பல்பை உள்ளேயே வைத்து லேம்ப் ஹவுஸை வேனில் ஏற்றாதீர்கள். எரியாமல் சும்மா இருக்கும்போதே குப்பிக்குள் பல மடங்கு காற்றழுத்தம், எரியும்போது அது இன்னும் மூன்று மடங்கு ஆகும், வெடித்தால் குவார்ட்ஸ் துண்டு முகத்தில் பாயும். அணைத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் விசிறி ஓடட்டும், அப்புறமும் முகக்கவசம், கையுறை போடாமல் கதவைத் திறக்க வேண்டாம். பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் சில நொடியில் புது பல்பு காலி, கொடுக்கும் முன் இரண்டு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

தியேட்டர் முதலாளிகளிடம் கேட்பது ஒன்றுதான். விற்கிறீர்களா, லேம்ப் ஹவுஸ், ரெக்டிஃபையர், இரண்டுக்கும் நடுவே ஓடும் அந்தத் தடித்த கேபிள் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கொடுங்கள், செம்பு விலையைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள். வாங்குகிறவர்களும் அங்கேயே பல்பைப் போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஆம்பியர் முள் ஆடாமல் நிற்கிறதா, கேபிள் முனை கைபொறுக்கிற சூட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். முனையைத் தொடும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
திண்டுக்கல் மாவட்டம்