ஞாயிறு பேச்சு: மோரா மரே வழக்கு

வணக்கம் மக்களே, இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு இந்த வழக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக:

2004 பிப்ரவரி 9. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண் மோரா மரே. வீட்டில் ஒரு சாவு என்று பேராசிரியர்களுக்கு மெயில் போட்டார் (அப்படி எந்தச் சாவும் இல்லை). ஏடிஎம்மில் 280 டாலர் எடுத்துக்கொண்டு, கறுப்பு சாட்டர்ன் காரில் தனியாக வடக்கே கிளம்பினார். இரவு ஏழரை வாக்கில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹேவர்ஹில்லில், 112ஆம் எண் சாலை வளைவில் கார் மோதி நின்றது. அவ்வழியே வந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உதவட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆளைக் கூப்பிட்டாச்சு என்றார் மோரா. அங்கே செல்போன் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். ஓட்டுநர் வீட்டுக்குப் போய் போலீசுக்குச் சொன்னார். போலீஸ் வந்தபோது ஏர்பேக் விரிந்த கார் பூட்டிக் கிடந்தது, ஆள் இல்லை. இன்றுவரை இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தச் சில நிமிடங்கள்தான். அதையே முதலில் பேசுவோம். மெயில் பொய்யை வைத்து அந்தப் பெண்ணின் குணத்தை அலச வேண்டாம், ப்ளீஸ். குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. யூடியூப் லிங்க்குகளை இங்கே கொட்டாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.