தலைக்கட்டுப் பதிவேட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம். ஆடிக் கூட்டத்தில் "நன்கொடையில் 43,515 ரூபாய் எங்கே?" என்று எழுந்து நின்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறோம். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. வங்கிக் கணக்கில் பணம் அப்படியே இருந்தது. பதிவேட்டை மாற்றி அமைத்தபோது ஒரே ஒரு சொல் விடுபட்டதால், பட்டியலில் மட்டும் குறைந்தது.

பழைய பதிவேடு ஆக்சஸ் என்ற கணினிப் பதிவேட்டு மென்பொருளில் ஒரே அட்டவணை. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு வரிசை. பெயர், ஊர், போன் எண், அப்புறம் நன்கொடை1, நன்கொடை2 என்று எட்டு வரை பக்கவாட்டில் நீளும். ஒன்பதாவது முறை கொடுப்பவருக்கு எழுத இடம் கிடையாது. அதனால்தான் தலைக்கட்டு, ஊர், நன்கொடை என்று மூன்றாகப் பிரித்து, தலைக்கட்டு எண்ணால் கோப்பது என்று கமிட்டி தீர்மானித்தது. 312 வரிசைகளையும் கையால் திரும்ப அடித்தால் பிழை நுழையும் என்பதால் குவெரி, அதாவது ஆக்சஸுக்கு எழுதும் கட்டளை, வழியே மாற்றச் சொல்லி வெளியாள் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். அந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்கிறோம்.

ஊர்ப் பெயர்களை அப்டேட் குவெரியால் சீராக்கும் வேலை ஒரே நாளில் முடிந்தது.

எங்களைச் சோதித்தது நன்கொடைதான். எட்டுக் கட்டங்களில் இருப்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க யூனியன் குவெரி எழுத வேண்டும். வேலை எடுத்தவர் வெறும் 'யூனியன்' என்று எழுதிவிட்டார். அப்படி எழுதினால் அச்சாக ஒரே மாதிரி இருக்கும் வரிசைகளில் ஒன்றுதான் தங்கும். எல்லாமே வர வேண்டுமானால் 'யூனியன் ஆல்' என்று எழுத வேண்டும். நாம் கொடுப்பதோ 101, 501, 1001. பழைய பதிவேட்டில் தேதியும் இல்லை. அது கமிட்டியின் குறை, ஒத்துக்கொள்கிறோம். ஆக, ஒரே தலைக்கட்டு மூன்று முறை 501 கொடுத்திருந்தால் மூன்றும் ஒன்றாகிப் போனது. 6,41,730 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 5,98,215 என்று காட்டியது.

இதைக் காட்டிக்கொடுத்தவர் கீழத்தெரு அத்தைதான். கோயில் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், மஞ்சள் பையிலிருந்து மூன்று ரசீதுகளை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, மேசையில் வரிசையாக வைத்தார். "மூணு தடவை குடுத்தேன்யா. ஒண்ணுதான் எழுதியிருக்கு." அன்று இரவு எங்களில் யாரும் தூங்கவில்லை.

வேலை எடுத்தவரிடம் போனால், பழைய பதிவேடே தப்பு என்றார். சரிசெய்ய மேலும் 9,000 கேட்டார். பேசியது 18,000, முன்பணம் 10,000 கொடுத்தாயிற்று. மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் கல்லூரியில் படிக்கும் நம் பங்காளி வீட்டுப் பெண் குவெரியைத் திறந்து பார்த்து, ஏழு இடங்களிலும் 'ஆல்' சேர்த்தாள். காலிக் கட்டங்களையும் விலக்கினாள். உடனே அப்பெண்ட் செய்யவில்லை, அதாவது புது அட்டவணையில் சேர்க்கவில்லை. எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் குவெரியாகவே ஓட்டி, கூட்டிப் பார்த்தோம். 6,41,730. பொருளாளர் கண் கலங்கிவிட்டார்.

"வேலை எடுத்தவருக்கு ஏன் மீதியைக் கொடுத்தீர்கள்?" என்கிறார்கள் சிலர். 2,000 பிடித்துக்கொண்டு 6,000 கொடுத்தோம். மற்ற வேலை செய்தவரைக் கூலியில்லாமல் அனுப்ப சாமி சந்நிதியில் மனம் வரவில்லை. தலைக்கட்டு அட்டவணையை மேக் டேபிள் குவெரியால் உண்டாக்கியபோது, ஒரே எண் இரண்டு முறை விழாமல் காக்கும் முதன்மைச் சாவி அதோடு சேர்ந்து வராது என்பதை அவரும் மறந்திருந்தார், நாங்களும் கவனிக்கவில்லை. 147 என்ற தலைக்கட்டு எண் இரண்டு குடும்பங்களுக்கு விழுந்தது. இப்போது சாவி வைத்தாயிற்று, இனி விழாது.

கணினி தந்த கோவைப் பங்காளி, பிரிண்டர் தந்த மேலத்தெரு மாப்பிள்ளை, காகிதக் கட்டு தந்த மளிகைக்கடை அண்ணாச்சி, மூன்று கூட்டத்துக்கும் சாப்பாடு போட்ட பெரிய வீட்டு மதினி, சிங்கப்பூரிலிருந்து 5,001 அனுப்பிய சின்னத் தம்பி, பெயர் போட வேண்டாம் என்ற இருவர் எல்லோருக்கும் நன்றி.

வரவு 21,500. குவெரி வேலைக்கு 16,000, அச்சும் இதரமும் 3,200. மீதி 2,300 வங்கியில் இருக்கிறது. பதிவேட்டையே மாற்றும் ஆக்‌ஷன் குவெரி ஓடிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால், தொடங்கும் முன்பே எடுத்த பழைய கோப்பின் நகல் பென் டிரைவில் பொருளாளர் பீரோவில் உள்ளது. ரசீதோடு வந்து யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
கமிட்டிக்காக, செயலாளர்