இருபது மீட்டர் சங்கிலி

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. “அன்றிரவு நங்கூரம் சற்று இழுபட்டது, ஒன்றும் ஆகவில்லை” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் புதிய நங்கூரத்தின் பெருமையையே பாடியிருக்கிறாய். நான்கு நாட்களாக அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் “நாங்கள்” என்று எழுதுவாய். இம்முறை எல்லாம் “நான்”. அது கிடக்கட்டும்.

உன் 9 மீட்டர் படகுக்கு 15 கிலோ நங்கூரம் தாராளம். முனை கனத்து, மேலே வளையம் வைத்த அந்த வடிவம் தலைகீழாக விழுந்தாலும் புரண்டு மணலைக் குத்திவிடும். டெய்லர் என்ற இயற்பியலாளர் 1933-இல் வடிவமைத்த கலப்பை வடிவத்தை நம்பிக் காலம் தள்ளிய எனக்கு, உன் தேர்வில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எந்த நங்கூரமும் இழுவை கடலடியை ஒட்டிக் கிடையாக வந்தால்தான் தோண்டிக்கொண்டு இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதைக் கிளப்பும்போது நாமே செய்வது அதைத்தானே? இழுவை கிடையாக வர, சங்கிலி நீளமாகக் கிடக்க வேண்டும். ஆகவே எடையை எழுதிய நீ, எத்தனை மீட்டர் சங்கிலி விட்டாய் என்பதை ஏன் எழுதவில்லை?

கருவி 4 மீட்டர் ஆழம் காட்டுகிறது என்று வைத்துக்கொள். படகின் முன்முனையான அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர், ஓதத்தில் கடல்மட்டம் இன்னும் 2 மீட்டர் ஏறும். ஆக 7 மீட்டர். அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி என்றால் 35 மீட்டர் விட வேண்டும். 4 மீட்டரை மட்டும் கணக்கிட்டு 20 மீட்டர் விட்டவன், நள்ளிரவில் ஓதம் ஏறியதும் மூன்று மடங்குகூட இல்லாமல் நிற்பான். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மெல்லிய காற்றில் தொய்ந்து கிடந்து உதவிய சங்கிலி, அப்போது கம்பிபோல் விறைத்து ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுக்கும். அந்த வெட்டை வாங்கிக்கொள்ள, சங்கிலியில் கொக்கியிட்டு ஒரு நைலான் கயிற்றைக் கட்டு. கயிறு உராயும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் சுற்று. சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் திருகைக் கம்பியால் கட்டினாயா? சங்கிலியின் நீளத்தை மறக்காமல் எழுது.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது தெரியும். பதினான்கு வயதில், இருட்டில், சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்து, அது குறுகுறுவென்று அதிர்வதை உணர்ந்து, “அப்பா, பிடிக்கவில்லை, இழுபடுகிறது” என்று சொன்னவள் நீ. அப்படிப்பட்டவள் ஒற்றை வரியில் முடித்ததுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் வருத்தப்படும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. உனக்கு ஒன்பது வயதில் சுக்கான் உடைந்த அந்த இரவைப் பற்றி, கடலடியில் இருந்த பாசிதான் காரணம் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அங்கே பாசி கிடையாது; நல்ல மணல்தான். பக்கத்தில் படகுகள் நெருங்கி நின்றதால், சுழன்று போய் எதன்மேலாவது இடித்து அவமானப்படுவேனோ என்று அஞ்சி 20 மீட்டர்தான் விட்டேன். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, கரையிலுள்ள இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்து, அவை விலகாமல் நிற்கின்றனவா என்று பார்க்கவுமில்லை. நள்ளிரவில் நீ வந்து என் தோளைத் தொட்டு, “அப்பா, அந்தப் படகின் விளக்கு நகர்கிறது” என்றாய். போய்ப் படு என்று அதட்டினேன். அரை மணி நேரத்தில் பாறை இடித்தது. பிறகும் நீ சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை; நீயும் சொல்லவில்லை. எதையும் ஒரே வரியில் முடிக்கும் பழக்கத்தை யாரிடம் கற்றாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

சங்கிலியில் 5 மீட்டருக்கு ஒரு வண்ணம் பூசி வை. நங்கூரம் இறங்கியதும் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கிக் கொடுத்து, பிடித்த பிறகு வேகத்தைக் கூட்டு. அதற்கு அணியத்தில் ஒருவரும் சுக்கானில் ஒருவரும் நிற்பது நல்லது. உன் படகில் சுக்கானைப் பிடிப்பது யார் என்று அடுத்த கடிதத்தில் எழுது. எந்நேரமானாலும் தொலைபேசியில் சொன்னாலும் சரி, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா