மாமா, தலைக்கு மேல் போகும் பந்தை விட்டுவிடுங்கள்

அன்புள்ள மாமா,

பிக்கிள்பால் ஆடும் புதுப் பேடில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட படத்தைப் பார்த்தேன். கீழே ஒரே வரி: "திங்கட்கிழமையிலிருந்து மறுபடி." போன வருஷம் இதே ஆட்டத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர் நீங்கள். அத்தை ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அம்மா மட்டும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டாள். வாழ்த்தா வேண்டுதலா என்று இன்னும் புரியவில்லை.

குழுவில் எழுதினால் சண்டை வரும். போன் செய்தால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும், ஆகவே சிலதைத் தொடமாட்டேன். ஆஸ்பத்திரியில் அத்தை என்னைக் கேட்ட கேள்வி அதில் ஒன்று.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 66 வயதில் கையில் எடுக்க இதைவிடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது. 44-க்கு 20 அடி கோர்ட், இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பத்தடி அகலம். சர்வ் இடுப்புக்குக் கீழேதான், தோளுக்கு வேலை இல்லை. இடது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை என்கிறீர்களே, அதற்கும் வழி இருக்கிறது. உள்ளங்கையைத் திறந்து பந்தை நழுவவிடுங்கள். தரையில் பட்டு எழும்பியதும் அடியுங்கள். விதியிலேயே இதற்கு இடம் உண்டு. தூக்கிப்போடவோ தரையை நோக்கி வீசவோ கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் தரை வழுக்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்கள். தரை வழுக்கவில்லை, மாமா.

ஸ்கோர் 8–6–1: நமக்கு 8, அவர்களுக்கு 6, நம் பக்கத்தின் முதல் சர்வர் என்பதற்கு 1. சர்வ் உங்களுடையது. ஆட்டம் நீண்டு, நாம் இருவரும் கிச்சன் கோட்டுக்கு (வலையை ஒட்டி, பந்தைக் காற்றிலேயே அடிக்கக் கூடாத பகுதியின் எல்லை) வந்துவிட்டோம். வலையைத் தாண்டி மெதுவாக இறக்கும் டிங்க் நாலைந்து போயிருக்கும், எல்லாமே உங்கள் கையில் பூ மாதிரி இறங்கியது. அந்தக் கை எனக்கு வராது. அப்போது எதிரில் நின்றவர் பேடில் முகத்தைத் திறந்து கீழிருந்து தூக்கினார். பந்து உங்கள் வலது தோளுக்கு மேலே ஏறியது. உடம்பு வலையைப் பார்த்தபடியே இருக்க, முகத்தை மட்டும் வானத்துக்குத் திருப்பி, அப்படியே பின்னால் நடந்தீர்கள். முதல் அடி சரியாகத்தான் விழுந்தது. இரண்டாவதில் எடை குதிகாலுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் பேடிலை ஓங்கினீர்கள். தலையும் கையும் பின்னால் போயின, கால் அவற்றோடு போகவில்லை. விழும்போது இடது கையை நேராக நீட்டி ஊன்றினீர்கள். முழு எடையும் அந்த உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு ஏறியது. இந்த வயதில் முன்கை எலும்பு அங்கேதான் உடையும்.

இப்போது அந்தக் கடைசி '1'-ஐப் பாருங்கள். சர்வ் செய்யும் பக்கத்துக்கு மட்டும்தான் பாயின்ட். அந்தப் பந்தை விட்டிருந்தால் எதிராளிக்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. முதல் சர்வர் நீங்கள், அடுத்தது நான். 8–6–2 என்று கூப்பிட்டு நான் சர்வ் போட்டிருப்பேன். இதைக் காப்பாற்றத்தான் ஆறு வாரம் மாவுக்கட்டா? பக்கத்தில் நான் நிற்பதே மறந்துவிட்டதா, இல்லை, என்னால் ஆகாது என்று முடிவுகட்டிவிட்டீர்களா?

அன்றைக்கே இதை எல்லார் முன்னாலும் சொல்லாததற்கு மன்னியுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் காலடியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிறகு "மழைத்தண்ணீர் நின்றிருந்தது" என்று நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள், பெரியவரை இடைமறிக்க முடியுமா? இப்போது ஊரறிய எழுதுவது மட்டும் நியாயமா என்று கேட்பீர்கள். வழுக்கியதென்றால் துடைத்துவிட்டு மறுபடி அதையேதானே செய்வீர்கள்? அதனால்தான் எழுதுகிறேன். தவிர, கூட்டிக்கொண்டு போனவள் என்ற பழி ஒரு வருஷமாக என் தலையில் இருக்கிறது.

உங்கள் உடம்பு பூப்பந்தில் பழகிய உடம்பு. தஞ்சாவூரில் பிறந்த அந்த ஆட்டத்தில் கம்பளிப் பந்து தரையைத் தொட்டால் முடிந்தது கதை. எவ்வளவு பின்னால் போனாலும் காற்றிலேயே எடுத்தாக வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து கால் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே பந்து ஒரு முறை எழும்பலாம். அதுவும் சர்வும் அதற்கு வரும் பதிலும் கட்டாயம் எழும்பித்தான் ஆகவேண்டும். நீங்கள் சர்வ் போட்டதும் முன்னால் ஓடிவந்து, திரும்பி வரும் பந்தைக் காற்றிலேயே அடித்து சர்வை இழப்பதும் இதே பழக்கத்தால்தான். சர்வ் போட்டவர் பின்கோட்டிலேயே நிற்கட்டும். பூப்பந்து மட்டை நீளமானது, பேடிலோ 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கை எட்டும் என்று உடம்பு போடும் கணக்கு அங்கேயும் பிசகுகிறது.

இப்படித் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் லாப் வந்தால் இதுதான் முறை. பந்து எதிராளியின் பேடிலை விட்டுக் கிளம்பும்போதே, எந்தத் தோளுக்கு மேல் வருகிறதோ அந்தப் பக்கத்துக் காலைப் பின்னால் எடுத்து வையுங்கள். இடுப்பும் கூடவே திரும்பி, உடம்பு பக்கவாட்டில் வந்துவிடும். பிறகு சாதாரணமாக ஓடுவது போல ஓடுங்கள், பந்தை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். கடந்து போய், எழும்பவிட்டு, உயரமாகத் திருப்பி அனுப்புங்கள். ஸ்மாஷ் வேண்டாம். இரண்டு எட்டுக்கு மேல் போகவேண்டி வந்தால் அது உங்கள் பந்தே இல்லை. குறுக்கே நிற்கும் உங்கள் கூட்டாளிக்குத்தான் அது நன்றாகத் தெரியும், அவர் ஓடட்டும். அவர் "ஸ்விட்ச்" என்றதும் நீங்கள் அவர் இடத்துக்குப் போய்விடுங்கள். இருவருக்கும் எட்டாது என்றால் கைதட்டிவிட்டு விடுங்கள். எல்லாம் மீறி விழத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் பேடிலை விடுங்கள். கையை நீட்டாமல், தாடையை மார்போடு ஒட்டிப் பக்கவாட்டில் உருளுங்கள்.

உங்கள் அபார்ட்மென்ட் கோர்ட்டைப் பற்றியும் ஒன்று. ஷட்டில் இரட்டையர் கோர்ட்டும் இதே அளவுதான் என்பதால் அதையே வைத்து ஆடுகிறீர்கள், சரி. ஆனால் ஷட்டிலின் முன்கோடு வலையிலிருந்து ஆறரை அடி, கிச்சன் ஏழு அடி. அந்த அரையடிக்குத் தனியாக டேப் ஒட்டச் சொல்லுங்கள். வலையை இறக்கிக் கட்டிவிட்டு அளவு நாடாவால் பாருங்கள்: ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. அங்கே தொய்ந்து தொங்கும் வலையில் பழகினால், வெளியே போய் ஆடும்போது பந்தெல்லாம் வலையில்தான்.

அந்த வாக்கிங் ஷூ வேண்டாம். தடித்த மெத்தென்ற அடி முன்னால் நடப்பதற்கானது, பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் மடங்கும். கோர்ட் ஷூவே வாங்குங்கள். ஷட்டிலுக்கான ரப்பர் அடி மர, சின்தெடிக் தரைக்குத்தான் சரி, உங்கள் சிமென்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பேடில் 220 கிராம் அளவில் இருந்தால் முழங்கைக்கு நல்லது. பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்ற கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். கண்ணாடியும் முக்கியம். எதிரெதிர் கிச்சன் கோட்டில் நிற்கும் இருவருக்கும் நடுவே பதினான்கு அடிதான், பிளாஸ்டிக் பந்து கண்ணுக்கு நேராக வரும். உங்கள் பவர் கண்ணாடியைப் பாலிகார்பனேட்டில் போடச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டீர்களா என்று இங்கே கேட்கமாட்டேன், தனியாகக் கேட்பேன்.

முதல் இரண்டு வாரம் மேட்ச் கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கெண்டைக்காலைப் பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டு, கிச்சனுக்குக் கிச்சன் வெறும் டிங்க்.

அந்த லாப் அடித்தவரும் இதைப் படிப்பார். வயசானவர் தலைக்கு மேல் தூக்கலாமா என்று சிலர் அவரிடம் கேட்டார்களாம். அது முறையான ஷாட், நன்றாகவும் அடித்தார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இருந்தாலும் முதல் ஒரு மாதம் உங்கள் பக்கம் லாப் வேண்டாம் என்று எதிராளிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள், தெரியும். அதனால் உங்களைக் கேட்காமல் நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் அக்கா மகள்