மின்னலைக் காணும் கண் நம் தலைக்கு மேலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை இடியால் நேரும் உயிரிழப்புகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பயனுள்ளது என்றாலும், இடிதாங்கி, செல்பேசிச் செயலி என்ற அளவோடு நின்றுவிட்டது. மின்னலை விண்ணிலிருந்தே கண்டறியும் கருவிகள் பிற நாடுகளில் பல ஆண்டுகளாக இயங்கிவருவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுதத் தோன்றியது.

மின்னல் பாயும்போது சூடேறும் காற்றில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் 777.4 நானோமீட்டர் அலைநீளத்தில் பளிச்சென்று ஒளிர்கின்றன. அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் மிகக் குறுகிய வடிகட்டியைப் பொருத்தி, நொடிக்கு 500 படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், உச்சி வெயிலில் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும் மேகத்தின் மேல்கூட மின்னல் தனித்துத் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் கோஸ்-16 செயற்கைக்கோள் 2016-இல் இத்தகைய கருவியோடு ஏவப்பட்டது. (வளிமண்டலத்தில் எரிந்து விழும் பெரிய விண்கற்களும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன, கருவியை வடிவமைத்தவர்கள் அதற்காகச் செய்யவில்லை.) அதே ஆண்டில் சீனாவின் ஃபெங்யுன்-4ஏ, 2022-இல் ஐரோப்பாவின் புதிய வானிலைச் செயற்கைக்கோள் என வரிசை நீள்கிறது.

இதற்கு முன்னரே 1995 முதல் தாழ்வான சுற்றுப்பாதையில் இத்தகைய கருவிகள் சுற்றிவந்தன. உலகம் முழுவதும் நொடிக்குச் சராசரியாக 44 மின்னல்கள் என்ற கணக்கும், வெனிசுலாவின் மரக்காய்போ ஏரியே மின்னலின் தலைநகரம் என்ற முடிவும் அவை தந்தவையே. ஆனால் ஓர் ஊரை ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் கருவியால் வரைபடம் தயாரிக்கலாமே தவிர, எச்சரிக்கை தர இயலாது. எச்சரிக்கைக்கு ஒரே இடத்தில் நின்று இமைக்காமல் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்தான் வேண்டும். நம்முடைய இன்சாட்-3டிஎஸ் 2024-இல் ஏவப்பட்டபோது மேகப் படம் எடுக்கும் கருவியும் வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் கருவியும் அதில் இருந்தன. மின்னலைக் காணும் கருவி இல்லை. இன்சாட் அளக்கும் வெப்பக் கதிர்வீச்சு குறைவதை வைத்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்னதாக மின்னலை ஊகிக்கும் முறையை இஸ்ரோ 2025-இல் அறிவித்தது பாராட்டுக்குரியது. எனினும் அது மேகத்தைப் பார்த்து மின்னலை ஊகிப்பதே; மின்னலைப் பார்ப்பது அன்று.

இந்த வேறுபாடு மலையில் உயிர் தொடர்பானது. பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே வெட்டி அடங்கிவிடுகின்றன. தரைக்கு முதல் இடி இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பாகவே அவை தொடங்கிவிடுவதும் வழக்கம். அவற்றின் எண்ணிக்கை திடீரென்று எகிறினால் புயல்மேகத்துக்குள் மேலெழும் காற்று வலுத்துவிட்டது என்று பொருள். ஆலங்கட்டியும் பலத்த காற்றும் அடுத்து வரக்கூடும். ரேடியோ அலைகளைக் கேட்டறியும் தரைக் கருவிகள் தரையில் விழும் இடியைத் துல்லியமாகச் சொல்கின்றன. மேகத்துக்குள் வெட்டுபவற்றில் பலவற்றைத் தவறவிடக்கூடும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தடை குறைவு.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துச் சமவெளியின் வெக்கை மலைச்சரிவில் ஏறி, பிற்பகலில் சேர்வராயன் உச்சிக்கு மேல் மேகமாகக் கட்டிக்கொள்கிறது. தோட்டங்களில் நிழல் மரக் கவாத்து நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, இடுப்பில் கயிறு கட்டிக் கிளை கழிப்பவர், தோட்டத்திலேயே உயரமான பொருளின் மேல் நிற்கிறார். சுற்றிலும் மரமும் குன்றும் மறைப்பதால் வடக்கே கருத்துவரும் மேகம் அவர் கண்ணில் படுவதில்லை. இடியோசை காதில் விழும்போதே ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து இறங்கிக் கல்கட்டடம் வரை நடக்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். மேகத்தில் முதல் மின்னல் வெட்டிய உடனே செய்தி கிடைத்தால் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விண்ணிலிருந்து பார்ப்பதில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலம். வெட்டியது தரைக்கா, மேகத்துக்குள்ளா என்றும் அந்தக் கருவியால் நேரடியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த மின்கம்பத்தில் இடி விழுந்தது என்று மின்வாரியம் அறிய அது போதாது. அதற்குத் தரைக் கருவிகள்தாம் வேண்டும். ஆனால் ஏணியில் நிற்பவருக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை, ஏற்காடு மலைக்கு மேல் மின்னல் தொடங்கிவிட்டது என்பதே போதும்.

2022-இல் மட்டும் நாட்டில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே, அடுத்து ஏவப்படும் நம் புவிநிலை வானிலைச் செயற்கைக்கோளில் மின்னல் காணும் கருவியும் இடம்பெற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உள்ளது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இப்போதே எச்சரிக்கை தருகிறது. எங்கள் பள்ளங்களில் செல்பேசிச் சமிக்ஞை எட்டாததால் அது தொழிலாளர் கைக்கு வந்து சேர்வதில்லை. கோடை மாதங்களில் பிற்பகல் நேரத்தில் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் ஒருவரை அமர்த்தி, எச்சரிக்கை வந்ததும் சங்கு ஊதச் செய்யும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகமும் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து வரும் பங்குனிக்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.